மின்தேக்கியின் இடைவெளியில் காந்தப்புலம்: இடப்பெயர்ச்சி மின்னோட்டம் பற்றிய நெடு விவாதம்

இரண்டு வட்ட உலோகத் தகடுகள் எதிரெதிரே நிற்கின்றன, நடுவே காற்று. கம்பி வழியே வரும் மின்னோட்டம் ஒரு தகட்டில் மின்னூட்டமாகச் சேர்கிறது. அதே அளவு மின்னூட்டம் மறுதகட்டிலிருந்து அடுத்த கம்பிக்குள் வெளியேறுகிறது. இடைவெளியை எந்த எலக்ட்ரானும் கடப்பதில்லை. ஆனாலும் அங்கே காந்தப்புலம் இருக்கிறது. அதை உண்டாக்குவது எது?

மின்புலம் மாறுவதே ஒரு மின்னோட்டம்தான், கம்பியில் ஓடும் கடத்து மின்னோட்டத்தைப் போல அதுவும் காந்தப்புலத்தைத் தரும் என்பது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1862-இல் தொடங்கிவைத்த பதில். அதற்கு இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று பெயர். தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்பு இயற்பியல் நூலும் மின்தேக்கியை வைத்தே இதை விளக்குகிறது. சமன்பாட்டில் இந்த உறுப்பு தேவை என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அது காந்தப்புலத்தின் காரணமா, அதனுடன் சேர்ந்து வரும் துணையா, கணக்கைச் சரிசெய்யும் பதிவு மட்டுமா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

ஆம்பியர் விதி தடுமாறும் இடம்

ஒரு மூடிய வளையத்தைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கூட்டினால் அந்த வளையத்தை ஊடுருவும் மின்னோட்டம் கிடைக்கும் என்கிறது ஆம்பியரின் சுற்று விதி. ஊடுருவும் மின்னோட்டத்தை எண்ண, வளையத்தை விளிம்பாகக் கொண்ட ஒரு பரப்பு வேண்டும். பரப்பைக் கம்பி வெட்டும்படி வரைந்தால் ஒரு விடை. தகடுகளுக்கு நடுவே புகும்படி வரைந்தால் சுழியம். ஒரே வளையத்துக்கு இரண்டு விடைகள் இருக்க முடியாது. இடைவெளியில் மின்புலத்தின் பாயம் மாறும் வீதத்தை விடுதிறனால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டால் இரண்டு பரப்பும் ஒரே விடையைத் தருகின்றன. மின்னூட்டம் அழியாது என்ற விதியும் காக்கப்படுகிறது.

அளவுகளைப் போட்டுப் பார்த்தால் சிக்கலின் இயல்பு தெரியும். தகட்டின் ஆரம் 5 செ.மீ., இடைவெளி 1 செ.மீ., மின்னோட்டம் 0.1 ஆம்பியர் என்று கொள்வோம். விளிம்பருகே காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லா; தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஆனால் இந்த மின்னோட்டத்தைத் தாங்க மின்புலம் நொடிக்கு, மீட்டருக்கு 1.44 லட்சம் கோடி வோல்ட் என்ற வேகத்தில் ஏற வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றில் பொறி பறந்துவிடும். அதாவது இரண்டு மைக்ரோநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். மாறாக, இதே தகடுகளுக்கு 1,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் விளிம்பில் கிடைப்பது சுமார் 9 பிக்கோடெஸ்லா. பூமியின் புலத்தில் அது 45 லட்சத்தில் ஒரு பங்குதான். இடைவெளியின் காந்தப்புலத்தை நேரடியாக அளக்க நெடுங்காலம் ஆனதற்கு இந்தச் சிறுமை ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மேக்ஸ்வெல் வந்த வழி

பாடநூல்களில் மேக்ஸ்வெல் ஆம்பியர் விதியில் ஒரு முரணைக் கண்டார், ஓர் உறுப்பைச் சேர்த்தார், ஒளி பிறந்தது. வரலாறு இவ்வளவு நேராகச் செல்லவில்லை. 1855–56-இல் எழுதிய கட்டுரையில் அவர் மூடிய சுற்றுகளோடு நின்றுகொண்டார். 1861–62-இல் தொடராக வந்த கட்டுரையில் வெளி முழுவதும் சுழலும் நுண் சுழல்களாலும் அவற்றுக்கு இடையே உருளும் சிறு துகள்களாலும் நிரம்பிய ஓர் ஊடகத்தைக் கற்பனை செய்தார். அந்த ஊடகத்துக்கு மீள்தன்மை உண்டு என்று கொண்டபோது, மின்விசை துகள்களைச் சற்றே நகர்த்தியது. அந்த நகர்வு மாறும்போது அதுவே ஒரு மின்னோட்டம் ஆனது. இடப்பெயர்ச்சி என்பது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகவே பொருள்பட்டது.

அதே மீள்தன்மையிலிருந்து குறுக்கலைகளின் வேகத்தையும் கணித்தார். வெபரும் கோல்ராவுஷும் 1856-இல் அளந்த மின் விகிதம் நொடிக்கு 3,10,740 கி.மீ. என்ற வேகத்தைத் தந்தது. ஒளிக்கு ஃபிஸோவின் அளவீட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது 3,14,858 கி.மீ. சமன்பாடுகளை முடித்த பிறகே இந்த நெருக்கத்தைக் கண்டதாக 1861 அக்டோபரில் ஃபாரடேவுக்கு எழுதினார்.

இங்கே வரலாற்றாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சமச்சீர் நோக்கித்தான் மேக்ஸ்வெல் இந்த உறுப்பைச் சேர்த்தார் என்ற பரவலான கதைக்கு அவருடைய எழுத்தில் ஆதாரம் இல்லை என்று ஆல்ஃபிரட் போர்க் 1963-இல் வாதிட்டார். ஜோன் பிராம்பெர்க் 1967-இல் மீள்தன்மை ஊடகத்தின் பங்கையும், மின்விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடையிலான குறியில் உள்ள தடுமாற்றத்தையும் முன்வைத்தார். டேனியல் சீகல் 1991-இல் வந்த நூலில், திறந்த சுற்றுகளுக்கு ஆம்பியர் விதியை நீட்டும் நோக்கம் அங்கே தொடக்கத்திலிருந்தே செயல்பட்டது என்றார். சீகலின் வாசிப்பு 1862 கட்டுரையின் கணித நடைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் குறிச் சிக்கலுக்கு அவர் தரும் விளக்கம் எல்லோரையும் இணங்கவைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

1865-இல் மேக்ஸ்வெல் சுழல்களை ஒதுக்கிவிட்டார். உறுப்பு மட்டும் தங்கியது. 1873-இல் வந்த அவருடைய பெருநூலில் கடத்து மின்னோட்டமும் இடப்பெயர்ச்சியின் மாற்றமும் சேர்ந்ததே முழு மின்னோட்டம், அது அமுங்காத திரவத்தைப் போல எப்போதும் மூடிய பாதையில் ஓடுகிறது என்றார். சுழல்கள் போன பிறகு எது இடம்பெயர்கிறது என்ற கேள்வி ஆதாரமற்று நின்றது. பிற்கால விவாதம் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் நடக்கிறது.

பெர்லினின் பரிசுக் கேள்வி

ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1870-இலிருந்து இதைத் தன் வழியில் எடுத்துச் சென்றார். மின்காப்புப் பொருள்களில் மின்முனைவாக்கம் மாறினால் அது கம்பி மின்னோட்டத்தைப் போலக் காந்த விளைவு தருமா என்பதைச் சோதிக்கும்படி 1879-இல் பெர்லின் அறிவியல் கழகம் ஒரு பரிசை அறிவித்தது. ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் உடனே இறங்கவில்லை. 1887-இல்தான் கார்ல்ஸ்ருகேயில் பாரஃபின், கந்தகம், தார் போன்றவற்றின் பெரிய கட்டிகளை அலைவிகளுக்கு அருகே வைத்து மின்காப்புப் பொருள்களின் விளைவைக் கண்டார்.

பின்னாளில் தன் ஆய்வுகளைத் தொகுத்தபோது ஹெர்ட்ஸ் எழுதிய முன்னுரை இந்த விவாதத்தில் இன்றும் படிக்க வேண்டிய பகுதி. மேக்ஸ்வெல்லின் கொள்கையை அவர் மூன்று கருதுகோள்களாகப் பிரித்தார். முனைவாக்கம் மாறினால் மின்னோட்டத்தின் விளைவு தரும் என்பது ஒன்று. காந்தத்தின் வழித் தூண்டப்படும் மின்விசையும் முனைவாக்கத்தை உண்டாக்கும் என்பது இரண்டு. காற்றும் வெற்றிடமும் மற்ற மின்காப்புப் பொருள்களைப் போலவே நடந்துகொள்ளும் என்பது மூன்று. மேக்ஸ்வெல்லின் உயிர்நாடி மூன்றாவதில்தான் இருக்கிறது என்று உணர்ந்ததும் அவர் கட்டிகளை விட்டுவிட்டு, காற்றில் மின்விளைவு முடிவுள்ள வேகத்தில் பரவுகிறதா என்று தேடத் தொடங்கினார். 1888-இன் அலைச் சோதனைகள் அப்படித்தான் வந்தன. வெற்றிட இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தின் சோதனைக்களம் மின்தேக்கியின் இடைவெளி இல்லை, பரவும் அலைதான் என்ற முடிவை அவர் செயலில் எடுத்துவிட்டார். இதைப் பாடநூல்கள் பின்பற்றாதது வருத்தத்துக்குரியது.

1890-களில் லோரன்ட்ஸ் பொருளையும் ஈதர் எனப்பட்ட வெளி ஊடகத்தையும் பிரித்துவைத்தார். அணுக்களுக்குள் கட்டுண்ட மின்னூட்டங்கள் நகர்வதால் வரும் முனைவாக்க மின்னோட்டம் உண்மையான மின்னூட்ட ஓட்டம் என்பது தெளிவாயிற்று. மீதி நின்றது வெற்றிடத்திலும் மிஞ்சும் உறுப்பு. இனி வரும் சர்ச்சை எல்லாம் அந்த மீதியைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதாலேயே பல வாதங்கள் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போயின.

அதற்குப் பங்கில்லை என்போர்

1963-இல் ஏ. பி. ஃபிரெஞ்சும் டெஸ்மனும் அமெரிக்க இயற்பியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மின்தேக்கியின் இடைவெளியில் உள்ள காந்தப்புலத்தை, பயட்–சாவர்ட் விதியின்படி, கடத்து மின்னோட்டங்களை மட்டும் வைத்தே முழுதாகக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். கம்பியின் மின்னோட்டம் மட்டுமன்றி, தகடுகளின் பரப்பில் மையத்திலிருந்து வெளிப்புறமாகவும் மறுதகட்டில் உட்புறமாகவும் பரவும் மின்னோட்டமும் கணக்கில் சேர வேண்டும். இடைவெளிக்குள், கம்பி தரும் புலத்துக்கு எதிராகத் தகட்டு மின்னோட்டங்களின் புலம் அமைகிறது. அச்சை நெருங்க நெருங்கப் புலம் சுழியத்துக்குக் குறைவது இந்தக் கழித்தலால்தான். இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தை ஆம்பியர் விதியில் போட்டால் வரும் அதே நேர்க்கோட்டு ஏற்றம் இங்கேயும் வருகிறது.

கணிதக் காரணம் எளியது. மெதுவாக மாறும் நிலையில் மின்புலம் நிலைமின்புலத்தைப் போலவே சுழலற்றது. சுழலற்ற ஓர் ஓட்டத்தை வெளி முழுவதும் பயட்–சாவர்ட் விதியில் கூட்டினால் மொத்தம் சுழியம். ஆக அந்த விதியில் இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைச் சேர்த்தாலும் விட்டாலும் விடை மாறாது. கசியும் ஊடகத்தில் வைத்த மின்னூட்டப்பட்ட கோளம் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. மின்னூட்டம் எல்லாத் திசையிலும் சமமாக வெளியே கசிகிறது. சமச்சீரால் காந்தப்புலம் எங்கும் இல்லை. ஆம்பியர் விதியில் அந்தக் கடத்து மின்னோட்டத்தை மட்டும் போட்டால் முரண். குறையும் மின்புலத்தின் உறுப்பு அதைச் சரியாகச் சமன் செய்கிறது. பயட்–சாவர்ட் வழியிலோ முரணே எழுவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு கூறும் தனித்தனியே சுழியத்தைத் தருகிறது. பர்செல்லின் புகழ்பெற்ற பாடநூலும் இந்தக் கோணத்தைச் சொல்கிறது. ரோசர் 1976-இல் வெற்றிடத்தில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறதா என்று தலைப்பிலேயே கேட்டு, இல்லை என்ற பக்கம் வாதிட்டார்.

வேகமாக மாறும் நிலைக்கு இதை விரித்தால் ஜெஃபிமென்கோவின் சமன்பாடுகள் வருகின்றன. 1966-இல் வெளியான நூலில் அவற்றைத் தந்த அவருடைய பெயரால் அவை அறியப்படுகின்றன. ஓரிடத்தின் மின்புலமும் காந்தப்புலமும், ஒளி வந்து சேர எடுக்கும் தாமதத்துக்கு முந்தைய மின்னூட்டங்களாலும் மின்னோட்டங்களாலும் தீர்மானிக்கப்படுகின்றன. மூலங்களின் பட்டியலில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் இல்லை.

இந்த வாதத்தின் வலிமை மறுக்க முடியாதது. ஆனால் ஒரு பலவீனம் அதன் அடியிலேயே இருக்கிறது. அந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது? இடப்பெயர்ச்சி உறுப்பை நீக்கினால் அலைச்சமன்பாடு கிடைக்காது. அலைச்சமன்பாடு இல்லாமல் தாமதமும் இல்லை. பட்டியலிலிருந்து அது போய்விட்டது போலத் தோன்றினாலும், தாமதத்துக்குள் முழுவதும் ஒளிந்திருக்கிறது. மெதுவாக மாறும் மின்தேக்கியில் தாமதம் பொருட்டில்லை என்பதால் அங்கே அது தேவையற்றதாகத் தெரிகிறது.

அளந்து பார்த்தவர்கள்

1985-இல் டேவிட் பார்ட்லெட்டும் திமோத்தி கோர்லும் மீக்கடத்து ஸ்குவிட் உணரியைக் கொண்டு மின்தேக்கிக்குள்ளேயே காந்தப்புலத்தை அளந்தார்கள். அது அச்சிலிருந்து வெளிப்புறமாக நேர்க்கோட்டில் ஏறியது. கொள்கை சொன்னதோடு சில விழுக்காட்டுக்குள் பொருந்தியது. மேக்ஸ்வெல்லின் இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தை அளந்ததாகவே அவர்களுடைய கட்டுரையின் தலைப்பு சொன்னது. அவ்வளவு சிறிய புலத்தை, தகட்டுக் கம்பிகளின் குறுக்கீட்டை விலக்கி அளந்தது பெரிய திறமைக்குரிய வேலை.

ஆனால் அவர்கள் அளந்தது ஒரு காந்தப்புலத்தை. அது யாருடையது என்று உணரிக்குத் தெரியாது. பார்ட்லெட்டே 1990-இல், வட்ட மின்தேக்கியின் காந்தப்புலத்தைக் கடத்து மின்னோட்டத்திலிருந்து கணிப்பது பற்றித் தனியாக எழுதினார். தகடுகளுக்கு நடுவே வளையச் சுருளை வைத்துக் காட்டும் வகுப்பறைச் செயல்விளக்கங்களுக்கும் இதே எல்லை உண்டு. இரண்டு விளக்கங்களும் ஒரே எண்ணைத் தரும்போது எண்ணை அளப்பதால் எது சரி என்று தீர்மானிக்க இயலாது. மின்தேக்கிச் சோதனைகளை எவ்வளவு நுட்பமாக்கினாலும் இந்தக் கேள்வி அவற்றால் தீராது என்பதே என் கணிப்பு.

ரோச்சும் ஜாக்சனும்

1998-இல் ஜான் ரோச் ஐரோப்பிய இயற்பியல் இதழில், வெற்றிட இடப்பெயர்ச்சி மின்னோட்டம் மின்னோட்டமாகவும் இல்லை, காந்தப்புலத்தின் மூலமாகவும் இல்லை என்று வரலாற்றையும் கொள்கையையும் சேர்த்து விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே அதே இதழில் ஜே. டி. ஜாக்சன் மறுத்தார். மின்காந்தவியலின் உயர்நிலைப் பாடநூலை எழுதியவர் மறுத்ததால் அந்த மறுப்புக்குத் தனி எடை கிடைத்தது. அவருடைய முக்கிய வாதம், மூலம் எது என்பது எந்த அழுத்தங்களைக் கொண்டு கணக்கிடுகிறோம் என்பதைச் சார்ந்தது என்பதாகும். மேக்ஸ்வெல் விரும்பிய கூலும் கேஜ் என்ற அழுத்தத் தேர்வில், திசையன் அழுத்தத்தின் மூலமாகக் கடத்து மின்னோட்டத்தோடு இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தின் ஒரு பகுதியும் வெளிப்படையாக நிற்கிறது. லோரென்ஸ் கேஜில் அது நிற்பதில்லை. இரண்டிலும் இறுதிப் புலங்கள் ஒன்றே.

ஜாக்சனின் வாதம் ரோச்சின் உறுதியான கூற்றை அசைக்கிறது என்பது தெளிவு. ஆனால் அது இடப்பெயர்ச்சி மின்னோட்டமே காரணம் என்று நிறுவுகிறதா? அதுவும் இல்லை. கேஜைப் பொறுத்து மாறும் ஒன்றை இயற்கையின் காரணத் தொடர் என்று சொல்வது கடினம். இருவரும் மற்றவருடைய நிலைப்பாட்டின் பலவீனத்தைச் சரியாகக் காட்டினார்கள் என்பதே நடுநிலையான வாசிப்பு.

இன்னொரு திசையிலிருந்தும் ஐயம் எழுகிறது. கேன் யீ 1966-இல் வகுத்த கணினி முறையில், வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நேரப் படியிலும் புலங்கள் முன்னே நகர்த்தப்படுகின்றன. அங்கே இதே சமன்பாடு எதிர்த்திசையில் படிக்கப்படுகிறது: காந்தப்புலத்தின் சுழலும் கடத்து மின்னோட்டமும் தெரிந்தால், அடுத்த கணத்தில் மின்புலம் எவ்வளவு மாறும் என்று அது சொல்கிறது. அந்த வாசிப்பில் காந்தப்புலமே இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆண்டெனா வடிவமைப்பிலிருந்து ரேடார் வரை இந்த முறை நாள்தோறும் பயன்படுகிறது. சமக்குறியின் இரு பக்கத்திலும் ஒரே கணம் நிற்பதால், இடப்புறம் விளைவு, வலப்புறம் காரணம் என்று கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை.

விசையை உணருமா

அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாடு உண்டு. காந்தப்புலத்தில் வைத்த, மின்னோட்டம் பாயும் கம்பி தள்ளப்படுகிறது; வெற்றிட இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தில் தள்ளப்பட எதுவும் இல்லை. அங்கே மாறுவது புலத்தின் உந்தம் மட்டுமே. பொருளுக்குள் நிலைமை சிக்கலாகிறது. ஒளி ஊடகத்தில் சுமக்கும் உந்தத்துக்கு மின்கோவ்ஸ்கி 1908-இலும் ஆபிரகாம் 1909-இலும் வெவ்வேறு வரையறைகள் தந்தனர். 1975-இல் வாக்கரும் லாஹோஸும் பேரியம் டைட்டனேட்டில் ஆபிரகாம் விசையை அளந்ததாக அறிவித்தார்கள். அந்தச் சர்ச்சையை இங்கே விரிக்க இடமில்லை. இரண்டு மின்னோட்டங்களும் எல்லா வகையிலும் சமம் என்ற கருத்து விசையின் தேர்வில் தோற்கிறது என்பது மட்டும் இங்கே போதும்.

பயன்பாட்டில் இரண்டின் எல்லை

பொறியாளர்கள் இந்தத் தத்துவச் சண்டைக்குள் செல்வதில்லை. எது எங்கே பெரியது என்று கேட்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் செம்புக் கம்பிக்குள் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் கடத்து மின்னோட்டத்தில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே. கடல்நீரில் இரண்டும் ஏறத்தாழ 90 கோடி ஹெர்ட்ஸில் சமமாகின்றன. அதற்குக் கீழே கடல்நீர் கடத்தியாக நடந்துகொள்ளும். அதற்கு மேலே மெல்ல மெல்லக் கசியும் மின்காப்புப் பொருளாகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுடன் பேச மிகத் தாழ்ந்த அதிர்வெண்களே பயன்படுவதும் கடல்நீரின் இந்தக் கடத்தும் இயல்பால்தான்.

மேக்ஸ்வெல்லின் முழு மின்னோட்டம் என்ற கருத்து மின்னணுவியலில் அமைதியாக வென்றிருக்கிறது. ஷாக்லி 1938-இலும் ராமோ 1939-இலும் காட்டியபடி, இரு மின்முனைகளுக்கு நடுவே ஓர் எலக்ட்ரான் நகரத் தொடங்கியதுமே வெளிச்சுற்றில் மின்னோட்டம் தெரிகிறது. அது மறுமுனையைச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. துகள் கண்டறிகருவிகளின் குறிகை முழுவதும் இதை நம்பியே அமைகிறது. 1993-இல் பட்டிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் மிகச் சிறிய கடத்திகளின் மாறுதிசை மின்னோட்டத்தைக் குவாண்டம் முறையில் எழுதியபோது, இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைச் சேர்க்காமல் மின்னோட்டக் கணக்கே மூடவில்லை.

தீராதவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். வெற்றிட உறுப்பு இல்லாமல் மின்னூட்டக் காப்பும் அலையும் ஒளியின் வேகமும் இல்லை. மெதுவாக மாறும் மின்தேக்கியில் அதைக் காந்தப்புலத்தின் தனிப்பட்ட மூலமாகக் காட்டும் சோதனை ஒன்று இதுவரை இல்லை. மேலே சொன்ன கணிதத்தின்படி அப்படி ஒன்று அமையும் வாய்ப்பும் குறைவு. ஆகவே பாடநூல்கள் மின்தேக்கியோடு தொடங்குவதில் தவறில்லை. ஆனால் தகட்டுப் பரப்பின் மின்னோட்டத்தை மறைத்துவிட்டு, இடைவெளியின் புலத்துக்கு வேறு விளக்கமே இல்லை என்று சொல்வது மாணவருக்குச் செய்யும் அநீதி.

திறந்திருப்பவை வேறு வகையானவை. மூலம் என்ற சொல், அருகருகே நிகழும் புல மாற்றங்களைக் குறிக்க வேண்டுமா, தொலைவில் தாமதத்தோடு செயல்படும் மின்னூட்டங்களைக் குறிக்க வேண்டுமா என்பதில் இயற்பியலாளர்களிடையே ஒப்புதல் இல்லை. ஒரே கணத்தில் பொருந்தும் சமன்பாட்டுக்குக் காரண–விளைவுத் திசை உண்டா என்பது அறிவியல் தத்துவத்திலும் முடியாத வாதம். பொருளுக்குள் புல உந்தத்தைப் பிரிக்கும் முறையிலும், 1862-இல் மேக்ஸ்வெல் மனத்தில் எது முதலில் வந்தது என்பதிலும் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். இவற்றில் கடைசி இரண்டுக்கு மட்டுமே புதிய அளவீடோ புதிய ஆவணமோ உதவக்கூடும். முதல் இரண்டுக்கும் எந்தக் கருவியும் விடை தரும் என்று எதிர்பார்க்க இப்போதைக்கு இடமில்லை.